குளியலறைத் தகரக் கதவு: துருவை அடியிலேயே பிடியுங்கள்

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் புறவாசலில் குளியலறை கட்டிய வீடுகளில் முதலில் கெட்டுப்போவது சுவரோ தரையோ இல்லை, கதவுதான். ஆங்கிள் சட்டத்தில் தகரம் அடித்து, பச்சையோ நீலமோ பூசிய கதவு. மேல்பாதி பல வருஷம் புதுசு மாதிரியே இருக்கும். கீழே ஒரு முழத்துக்குத் தகரம் அப்பளம் போல உதிர்ந்துகொண்டிருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதன் மேலேயே ஒரு கோட்டிங் அடித்துவிடுகிறோம். ஆடி பிறப்பதற்குள் பெயிண்ட் மறுபடியும் கொப்புளம் போடுகிறது. இப்படிப் பூசுகிற பெயிண்ட் முழுக்க வீண்.

இதற்குக் காரணம் உண்டு. இரும்பு துருவாக மாறும்போது இருந்ததைவிடப் பருமனாகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் துரு மேலும் ஊறி ஊறி, மேலே இருக்கிற பெயிண்டை நெம்பித் தூக்கிவிடும். துரு அடியில் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. குளிக்கும்போது தெறிக்கும் தண்ணீர் கதவில் வழிந்து, தகரமும் ஆங்கிளும் சேரும் இடுக்கில் போய் நிற்கிறது. வெயில் அந்த இடுக்கைத் தொடுவதில்லை. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்புக் கசடோடு உப்பும் அங்கேயே தங்குவதால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். வெல்டிங் வைத்த புள்ளிகளில் பற்றைச் சரியாக உரசாமல் பெயிண்ட் அடித்திருந்தால், துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

வேலை தொடங்குமுன் ஒரு சோதனை. ஸ்குரூ டிரைவரின் முனையால் கதவின் அடியில் இரண்டு விரல்கடைக்கு ஓரிடமாக அழுத்திக் குத்திப் பாருங்கள். உட்பக்கத்தையும் விடாதீர்கள், சட்டத்தின் மூலை வெல்டிங்கையும் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்காவிட்டால் மேல் துருதான், வீட்டிலேயே சரிசெய்யலாம். தகரம் மட்டும் ஓட்டையானால் ஒட்டுப் போடலாம். ஆங்கிள் சட்டமே பொடிந்து விழுந்தால் அந்தக் கதவுக்குச் செலவு செய்யாதீர்கள். புதுக் கதவு வாங்குவதுதான் மிச்சம்.

சரிசெய்யலாம் என்றால் கதவைக் கீலிலிருந்து கழற்றி, நிழலில் இரண்டு கல்லின் மேல் படுக்க வையுங்கள். நின்ற கதவில் அடி விளிம்பைச் சுரண்ட முடியாது. நமக்கு வேண்டியதே அந்த விளிம்புதான். சோப்புப் பொடி கரைத்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, நன்றாகக் காயவிடுங்கள். உப்பும் சோப்புக் கசடும் போகாமல் உரசினால் அதைத் தேய்த்து உள்ளே ஏற்றுவதாகத்தான் ஆகும்.

அடுத்தது சுரண்டல். மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். உப்பிய பெயிண்டை ஸ்கிரேப்பரால் பெயர்த்துவிட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு 80 நம்பர் எமரித் தாள், அதற்கப்புறம் 120. பழுப்புப் பொடி வருவது நின்று, இரும்பின் சாம்பல் நிறம் தெரியும் வரை விடாதீர்கள். துருப் பிடித்த இடத்தைத் தாண்டி நல்ல பெயிண்டிலும் இரண்டு அங்குலம் உரசி, விளிம்பைச் சாய்வாக்குங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவானால் அந்தப் பொடியில் ஈயம் இருக்கலாம். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வேண்டாம். பொடியை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், பெருக்கிப் பறக்கவிடாதீர்கள்.

துருவை எடுக்கக் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். துரு உடனே கரைவது உண்மைதான். ஆனால் அந்த ஆசிட்டின் குளோரைடு இடுக்கில் தங்கி, முன்னைவிட வேகமாகத் துருவை இழுத்து வரும். அதோடு பிளீச்சிங் பவுடர் கலந்துவிட்டால் வருகிற வாயு ஆளையே சாய்த்துவிடும்.

இடுக்குக்குள் பிரஷ் போகாத துருவுக்கு ‘ரஸ்ட் கன்வெர்ட்டர்’ என்று கடையில் கேளுங்கள். பலவற்றில் இருப்பது டானின், அல்லது பாஸ்பாரிக் அமிலம். முன்காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கரிய எழுது மை காய்ச்சியது இந்த டானினை நம்பித்தான். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். கன்வெர்ட்டர் பூசிய துருவும் அதேபோலக் கறுத்து இறுகும். ஆனால் தளர்ந்த துருவைச் சுரண்டிய பிறகுதான் இது வேலை செய்யும். வீட்டில் கடுக்காய் காய்ச்சிப் பூசுவதை நம்பிக் கதவை விட்டுவிட வேண்டாம்.

காசு அளவுக்குள் இருக்கிற ஓட்டையை எம்-சீல் பிசைந்து அடைத்து, ஒரு நாள் விட்டுப் பிறகு உரசுங்கள். அதைவிடப் பெரிதானால் பட்டறைக்குக் கொண்டுபோய், அடியில் ஒரு அடிக்குத் தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைக்கச் சொல்லுங்கள். எவர்சில்வர் துண்டு வைத்தால் துருவே வராது என்று யாராவது சொல்லலாம். அந்தத் துண்டு துருப்பிடிக்காதுதான். ஈரத்தில் அதை ஒட்டியிருக்கும் சாதா இரும்புதான் சீக்கிரம் அரித்துப்போகும். சட்டம் குழாய் வகையானால் அடிக்குழாயில் இரண்டு சிறு துளை போடச் சொல்லுங்கள். நம் பக்கம் 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தில் மூழ்கிய கதவுகளின் குழாய்க்குள் வண்டல் அடைந்திருக்கலாம். துளை வழியே அதைக் கழுவி வெளியேற்றினால்தான் உள் ஈரம் காயும்.

சுரண்டிய இரும்பை ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் காலையில் மஞ்சள் பூத்துவிடும். அன்றைக்கே தின்னர் தொட்ட துணியால் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் பூசுங்கள். முதலில் அடி விளிம்பு, பிறகு இடுக்கு, பிறகு வெல்டிங் புள்ளிகள், கடைசியில்தான் பரப்பு. மறுநாள் இன்னொரு கை. அது காய்ந்ததும் எனாமல் இரண்டு கை, மெல்லிசாக. ஒரே தடவையில் தடியாக அப்பினால் மேல்தோல் மட்டும் காயும். கதவை மாட்டிய பிறகும் ஒரு வாரம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிரைமர் பிடிக்காது. ஆனி, ஆடிக் காற்றில் ஈரப் பெயிண்டின் மேல் மண் வந்து ஒட்டும். மாசி, பங்குனி தோதான மாதங்கள். அப்போதும் உச்சிவெயிலில் பூசாதீர்கள்.

இனி துரு வராமல் இருக்க, கதவின் அடிக்கும் தரைக்கும் ஒரு அங்குல இடைவெளி விடுங்கள். உட்பக்கம் அடியில் ஒரு அடிக்குப் பிவிசி ஷீட் வைத்து ரிவெட் அடித்து, மேல் விளிம்பைச் சிலிக்கான் போட்டு மூடலாம். அடி விளிம்பை மூடாதீர்கள், உள்ளே போன தண்ணீர் இறங்க வழி வேண்டும். ஆசிட், பிளீச்சிங் டப்பாக்களைக் குளியலறைக்குள் வைக்க வேண்டாம், அந்த ஆவியே இரும்பை அரிக்கும். குளித்து முடித்ததும் கதவின் அடியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றி, பழந்துணியால் துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்னால், புரட்டாசியில் ஒருமுறை அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். எங்காவது பெயிண்ட் பெயர்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் அன்றைக்கே உரசிப் பிரைமர் தொட்டு வையுங்கள்.