சூட்டு வலியா, பிரசவ வலியா?

எனக்குத் தலைப்பிரசவம். 38 வாரம் ஆகிறது. அம்மா வீட்டில் இருக்கிறேன். அவ்வப்போது அடிவயிறு இறுகுகிறது. எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்? என்னென்ன எடுத்துவைக்க வேண்டும்?

– வாசகி, தேனி

வலி வரும் நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். பாதி பயம் போய்விடும். சூட்டு வலி, அதாவது பொய் வலி, தாறுமாறாக வரும். கொஞ்சம் நடந்தாலோ, தண்ணீர் குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தாலோ அடங்கிவிடும். பிரசவ வலி அப்படி அடங்காது. வரவர இடைவெளி குறையும், வேகம் கூடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, ஒவ்வொரு தடவையும் சுமார் 1 நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் இப்படியே தொடர்ந்தால் கிளம்புங்கள். ஆஸ்பத்திரி தொலைவு என்றால் இன்னும் முன்னதாகவே.

பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே போய்விடுங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, நள்ளிரவிலும் வரும்.

பையை இன்றே கட்டி வாசல் பக்கம் வையுங்கள். முதலில் தாய்-சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ஆதார். கிராம சுகாதார செவிலியர் தந்த பிக்மி எண்ணையும் (கர்ப்பப் பதிவு எண்) மறக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். பிறகு முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு மூன்று, நாப்கின், துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்திப் புடவைத் துணிகள், குழந்தைக்குத் தொப்பி.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள். சேனை, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம் என்று பாட்டியிடம் இப்போதே அன்பாகச் சொல்லிவையுங்கள். வலி வரும்போது மூச்சை அடக்காமல் மெதுவாக விடுங்கள். நல்லபடியாகப் பெற்றெடுத்து வாருங்கள், தாயே!