டிரினிடாட்டில் கடை வைக்கப் போகும் அன்பர்களுக்கு

மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த டிரினிடாட்டுக்குப் பிள்ளைகளை வேலைக்கோ வியாபாரத்துக்கோ அனுப்பலாமா என்று உறுப்பினர்கள் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். பிரையன் லாரா பிறந்த நாடு என்பதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி நம்மில் பலருக்கும் தெரியாது. பயண ஏஜெண்டுகள் கடற்கரையைப் பற்றிச் சொல்வார்கள். கல்லாவைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். ஒரு மளிகைக்காரர் அங்கே போய் இறங்கினால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அவற்றை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

டிரினிடாட், டொபேகோ ஆகிய இரண்டு தீவுகளும் சேர்ந்து ஒரே நாடு. வெனிசுலாவுக்கு எதிரே இருக்கிறது. 1962-ல் விடுதலை பெற்றது. மக்கள் தொகை 14 லட்சத்துக்குள். 1845 மே 30-ந் தேதி ‘ஃபட்டல் ரசாக்’ என்ற கப்பலில் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் முதன்முதலாக அங்கே இறங்கினார்கள். 1917 வரை 1,40,000 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறிய போஜ்புரிக்காரர்கள். சென்னையில் ஏறியவர்களும் கொஞ்சம் உண்டு. இன்று மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்கள் அந்த வழியினர். தீபாவளிக்கு அரசு விடுமுறை விடுகிறார்கள். ஆனால் முகத்தைப் பார்த்து இந்தியிலோ தமிழிலோ பேசினால் விழிப்பார்கள். வீட்டிலும் கடையிலும் ஆங்கிலம்தான், அதுவும் அவர்களுக்கே உரிய ராகத்தோடு.

முதலில் காகித விஷயம். பன்னிரண்டு மாதத்தில் ஒரே ஒரு தடவை, 30 நாளுக்கு மேற்படாமல் வேலை பார்க்கப் பெர்மிட் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் வேலை பெர்மிட் வேண்டும். வேலைக்கு வைப்பவர்தான் அதற்கு மனுப் போட வேண்டும். “டூரிஸ்டாக வந்து விடு, பிறகு பார்த்துக் கொள்ளலாம்” என்று யாராவது எழுதினால் பிள்ளையை அனுப்பாதீர்கள். கையில் பெர்மிட் இல்லாதவன் சம்பள பாக்கி கேட்டு எங்கும் போக முடியாது. அது தெரிந்துதான் சிலர் அப்படி வரச் சொல்கிறார்கள். சொந்தமாகக் கடை வைப்பவருக்கு ஒரு சலுகை உண்டு. 1990-ம் ஆண்டு அன்னிய முதலீட்டுச் சட்டப்படி, குடியிருக்க ஒரு ஏக்கரும் வணிகத்துக்கு ஐந்து ஏக்கரும் வரை லைசென்ஸ் இல்லாமலே நிலம் வாங்கலாம்.

அடுத்து சரக்கின் பெயர்கள். ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று நினைத்துப் போன ஒரு வியாபாரி மகன், முதல் வாரத்திலேயே மாட்டிக் கொண்டான். ஒரு அம்மாள் ‘சாஃப்ரன்’ அரை பவுண்டு கேட்டாராம். குங்குமப்பூவை அரை பவுண்டு கேட்கிறாரே என்று இவன் மலைத்து, இல்லை என்று சொல்லி விட்டான். அந்த அம்மாள் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த மஞ்சள்தூளைக் கை காட்டினாராம். அங்கே மஞ்சள்தூளுக்குத்தான் சாஃப்ரன் என்று பெயர். ‘ஹர்தி’ என்பாரும் உண்டு. சீரகம் ‘கீரா’, பாகற்காய் ‘கரைலி’, கத்தரிக்காய் ‘பைகன்’, நீளப் பயற்றங்காய் ‘போடி’. ‘ஃபிக்’ என்றால் அத்திப்பழம் அல்ல, வாழை. ‘கிரீன் ஃபிக்’ என்றால் வாழைக்காய். கொத்துமல்லியின் வேலையைச் செய்வது ‘பந்தானியா’ அல்லது ‘ஷாடோ பெனி’ என்ற நீள இலைத் தழை; வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும்.

பருப்பில்தான் நம்மவர் அதிகம் தவறுகிறார்கள். ‘டால்’ என்று அவர்கள் கேட்பது துவரம்பருப்பு அல்ல, மஞ்சள் பட்டாணிப் பருப்பு. நம் ஊரில் மலிவுச் சரக்கு என்று ஓரமாக வைக்கிறோமே, அதேதான். அதை வேக வைத்துப் பொடித்து உள்ளே வைத்துச் சுடுவதுதான் ‘டால்பூரி’ ரொட்டி. துவரையும் உண்டு, ஆனால் பச்சையாக உரித்துச் சோற்றோடும் குழம்போடும் சேர்ப்பார்கள். பெயர் ‘பிஜன் பீஸ்’. கொண்டைக்கடலை மூட்டை மூட்டையாகப் போகும், ஏனென்றால் ‘டபிள்ஸ்’ என்ற தெருவோரக் காலைப் பலகாரமே அதை நம்பி இருக்கிறது. புழுங்கலரிசியும் நன்றாக விற்கும். பக்கத்து நாடான கயானாவிலிருந்து வருகிறது. சந்தையில் காய்கறியைப் பவுண்டுக் கணக்கில்தான் விலை சொல்வார்கள், ஒரு பவுண்டு 454 கிராம். காய்கறி மொத்த வியாபாரத்துக்கு வடக்கே மக்கோயா, தெற்கே டெபே.

கடைக்குள் வருகிறவர் முதலில் ‘குட் மார்னிங்’ சொல்வார். நாம் ஏறிட்டுப் பார்க்காமல் “என்ன வேண்டும்?” என்று ஆரம்பித்தால் அது அவமதிப்பு. டாக்ஸியில் ஏறினாலும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நுழைந்தாலும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லியாக வேண்டும். இருட்டிய பிறகு சந்திக்கும்போதே ‘குட் நைட்’ என்பார்கள்; போகிறார் என்று எண்ணிக் கதவை மூடி விடாதீர்கள். ‘டிரஸ்ட்’ என்றால் கடனுக்குக் கேட்கிறார் என்று பொருள். நம் கொசுறுக்கு அங்கே ‘லான்யாப்’ என்று பெயர். கொசுறு கேட்பதில் மட்டும் உலகம் முழுவதும் ஒரே ஜாதிதான் போலிருக்கிறது!

செலாவணி டிரினிடாட் டாலர். 2019 முடிவோடு பழைய காகித 100 டாலர் நோட்டும், 2022 ஜனவரி முதல் மற்றக் காகித நோட்டுகளும் செல்லாமல் போயின. வழுவழுப்பான பாலிமர் நோட்டை மட்டும் வாங்குங்கள். ஒரு சென்ட் காசு வெளியிடுவதை 2018-ல் நிறுத்தி விட்டார்கள். ரொக்க வியாபாரத்தில் மொத்தத் தொகையை ஐந்து சென்டுக்குச் சரி செய்ய வேண்டும். வாட் வரி 12.5 சதவீதம். ஆண்டு விற்பனை 6 லட்சம் டாலரைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வேலையாளுக்குக் குறைந்தபட்சக் கூலி 2024 ஜனவரியில் மணிக்கு 20.50 டாலராக உயர்த்தப்பட்டது. தேசிய இன்சூரன்ஸ் சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு முதலாளியுடையது. “நம்ம ஊர்ப் பையன்தானே” என்று இதைக் கட்டாமல் விடுவது நம்மவரிடம் உள்ள கெட்ட பழக்கம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் அமெரிக்க டாலர். அந்த நாடு எண்ணெயும் எரிவாயுவும் விற்றுப் பிழைக்கிறது. 2014-ல் எண்ணெய் விலை சரிந்த பிறகு அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. அரசாங்க விகிதம் ஒரு அமெரிக்க டாலருக்கு 6.80 அளவில் இருக்கிறது, ஆனால் அந்த விகிதத்தில் கேட்ட அளவு பாங்கில் கிடைப்பதில்லை. பழைய பெரிய இறக்குமதியாளர்களே காத்திருக்கிறார்கள். புதுக் கணக்குக்காரர் எங்கே நிற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடியிலிருந்து 60 நாள் தவணைக்கு ஒரு கன்டெய்னர் மசாலா தருவித்தீர்கள் என்று வைத்துக் கொள்வோம். சரக்கு நாற்பதே நாளில் விற்றுத் தீர்ந்து, கல்லாவில் பணமும் இருக்கும். ஆனால் அந்தப் பணத்தை டாலராக்கி இங்கே அனுப்ப முடியாமல், லாபத்தில் நடந்த கடையே வாக்குத் தவறிய கடையாகி விடும். அனுப்பிய வியாபாரியின் முதலும் இங்கே முடங்கும். கள்ள மார்க்கெட்டில் வாங்கினால் லாபம் அங்கேயே கரையும், சட்டமும் பாயும். ஆகவே முதல் இரண்டு வருஷமாவது உள்ளூர் மொத்த வியாபாரியிடம் உள்ளூர்ப் பணத்துக்கே கொள்முதல் செய்வது நல்லது என்பது நம் கருத்து. விலை கூடத்தான் இருக்கும். ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதாக இங்கே கடன் வாங்கி விட்டும் போகாதீர்கள்.

வீட்டுக்கு வருவோம். மின்சாரம் 115 வோல்ட், 60 சைக்கிள். நம் மிக்சியும் கிரைண்டரும் சாதாரண பிளக்கில் ஓடாது. குழாய்த் தண்ணீர் பல பகுதிகளில் முறை வைத்துத்தான் வரும், ஆகவே தொட்டி இருக்கிற வீடாகப் பாருங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக் காலம். 2018 அக்டோபர் வெள்ளத்தில் பல ஊர்கள் மூழ்கின. மாவு, சர்க்கரை மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் உயரமான பலகை மேல் ஏற்றுங்கள். திருட்டு, துப்பாக்கிப் பயம் நிஜம். 2024 டிசம்பர் 30-ல் நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். சிறு கடைகள் பல இரும்புக் கம்பிக்குப் பின்னால் இருந்து வியாபாரம் செய்கின்றன. கடை பிடிக்கும்போது கம்பி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போலீசுக்கு 999, தீயணைப்புக்கு 990, ஆம்புலன்சுக்கு 811. வாடகைக் கார் நம்பர் ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கும். ‘பி’ போட்டது சொந்தக் கார், அதில் கூலிக்கு ஏறாதீர்கள்.

ஊருக்குப் பேச நேரம் கணக்கிட வேண்டுமானால், அங்கே காலை 7 மணிக்குக் கடை திறக்கும்போது இங்கே மாலை 4.30.