கை தட்டினார்கள், கதவைச் சாத்தினார்கள்

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5 மணி. நாடு முழுவதும் மக்கள் வாசலுக்கு வந்தார்கள். கை தட்டினார்கள். தட்டைத் தட்டினார்கள். மணி அடித்தார்கள். கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இப்படி நன்றி சொன்னார்கள்.

இரண்டே நாளில் வேறு செய்தி வந்தது. டாக்டர்களையும் நர்சுகளையும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்பதே அது. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் இளம் டாக்டர்கள் சங்கம் மார்ச் 24 அன்று உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதியது. டாக்டர்கள் பலர் மூட்டை முடிச்சுகளோடு தெருவில் நிற்கிறார்கள் என்று முறையிட்டது.

இரவெல்லாம் கண் விழித்து வேலை பார்த்தவர் எங்கே போய்ப் படுப்பார்?

மக்களுக்கு ஏன் இந்தப் பயம்? நோய் புதிது. தடுப்பூசி கிடையாது. அது 2021 ஜனவரியில்தான் போடப்பட்டது. ஆகவே பயப்பட்டது தப்பில்லை. ஆனால் யாரைப் பார்த்துப் பயப்பட்டார்கள்?

கொரோனா மூச்சுக் காற்றில் பரவும் நோய். நோய் உள்ளவர் இருமினால், தும்மினால், பக்கத்தில் நின்று பேசினால் பரவும். மாடியில் ஒரு நர்சு குடியிருக்கிறார் என்பதால் மட்டும் கீழ்வீட்டுக்கு நோய் வராது. நர்சுக்கும் நோய் வரலாம். பலருக்கு வந்தது. உயிரை விட்டவர்களும் உண்டு. ஆனால் நோய் எப்படிப் பரவும் என்று அவருக்குத் தெரியும். முகக்கவசம் போடுவார். சோப்புப் போட்டுக் கை கழுவுவார். காய்ச்சல் வந்தால் பரிசோதனை செய்துகொள்வார். நோய் இருப்பது தெரியாமல் இருமிக்கொண்டே சந்தைக்குப் போகிறவரை யாரும் ஒதுக்கவில்லை!

ஒதுக்கினால் நஷ்டம் யாருக்கு? கொல்கத்தாவைப் பாருங்கள். அங்கே தனியார் மருத்துவமனைகளில் மணிப்பூர்ப் பெண்கள் பலர் நர்சு வேலை பார்த்தார்கள். 2020 மே மாதம் அவர்களில் 180 பேருக்கு மேல் வேலையை விட்டு ஊர் திரும்பினார்கள். பாதுகாப்பு உடை போதவில்லை, சம்பளம் சரியாக வரவில்லை என்றார்கள். தெருவில் தங்களை இழிவாகப் பேசினார்கள் என்றும் சொன்னார்கள். நோயாளிகள் கூடிவந்த நேரத்தில் நர்சுகள் குறைந்துபோனார்கள்.

வேலையில் நின்றவர்கள் எப்படித் தாங்கினார்கள்? பலர் வாரக்கணக்கில் விடுதிகளில் தங்கினார்கள். குழந்தையின் முகத்தைப் போனில் பார்த்தார்கள். கூட வேலை செய்கிறவர்களிடம் மனம்விட்டுப் பேசினார்கள். அதே கஷ்டத்தை அவர்களும் பட்டதால் விளக்கிச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

சட்டமும் துணைக்கு வந்தது. 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. தொற்றுநோய்க் காலத்தில் டாக்டர், நர்சு, கிராம சுகாதாரப் பணியாளர் ஆகியோரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடுமையான காயம் என்றால் சிறை 7 வருடம் வரை போகும். அடித்தால்தான் குற்றம் என்பதில்லை. வேலை செய்யவிடாமல், குடியிருக்கவிடாமல் தொல்லை கொடுப்பதும் குற்றமே.

மனக்கஷ்டத்தைச் சொல்ல இப்போது 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. 2022-இல் அரசு தொடங்கியது. நர்சு மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

பேசிப் பாருங்கள்: உங்கள் ஊர் நர்சம்மா 2020-இல் எங்கே தங்கினார்? அவருக்கு அரிசி, பருப்பு வாங்கிக் கொடுத்தது யார்?