வெங்காயம்: டோர்வல் சமையலறைத் தேர்வர்களுக்கு முக்கியக் குறிப்புகள்

கியூபெக்கின் டோர்வலில் சமையல் தொழிற்படிப்புக்கும் உணவு கையாளும் சுகாதாரத் தேர்வுக்கும் தயாராகும் தம்பி, தங்கைகளுக்காக எழுதுகிறேன். வெங்காயம் நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே மதிப்பெண் போவது பெரும்பாலும் பெயரில். அதனால் பெயரிலிருந்து தொடங்குவோம்.

பெயர்கள்

● கியூபெக் பிரெஞ்சில் ‘எஷலோத்’ என்றால் பொதுவாக வெங்காயத்தாள். பிரான்சில் அதே சொல் சின்ன வெங்காயத்துக்கு நெருங்கிய உலர்ந்த சிறு வெங்காயத்தைக் குறிக்கும். அதைக் கியூபெக்கில் ‘எஷலோத் ஃபிரான்சேஸ்’ என்று கேட்க வேண்டும். சமையல் குறிப்பு எந்த நாட்டில் அச்சானது என்று பார்க்காமல் விடை எழுதாதீர்கள். புதிதாக வந்தவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

● ‘எஷலோத்’ என்ற சொல்லின் வேர், மத்தியதரைக் கடலோரத்துப் பழைய நகரமான அஸ்கலோன்.

● நம்மிடமும் குழப்பம் உண்டு. பெரிய வெங்காயம் தமிழ்நாட்டில் பல்லாரி, யாழ்ப்பாணத்தில் பம்பாய் வெங்காயம். ‘உள்ளி’ யாழ்ப்பாணத்தாருக்குப் பூண்டு, கன்னியாகுமரிப் பக்கத்தாருக்கு வெங்காயம். இரு ஊராரும் சேர்ந்து நிற்கும் சமையலறையில் “உள்ளி எடு” என்று குரல் வந்தால், சொன்னவர் ஊர் எது என்று தெரிந்துகொண்டு கையை நீட்டுங்கள்.

● தாவரப் பெயர் அல்லியம் செபா. சின்ன வெங்காயம் அதன் அக்ரிகேட்டம் வகை; ஒன்றை நட்டால் கொத்தாகப் பிரியும். குடும்பம் அமரில்லிடேசியே (பழைய நூல்களில் லில்லியேசியே). நாம் தின்பது வேரை அல்ல, தடித்த இலையடிகளை. தண்டு என்பது அடியில் உள்ள சிறு தட்டு மட்டுமே.

விளைச்சலும் தெரிந்தெடுப்பும்

● மொன்றியலுக்குத் தெற்கே, ஷெரிங்டன், நாப்பியர்வில் பக்கத்தில், சதுப்பு நிலங்களை வடித்து உண்டாக்கிய கருமண் வயல்கள் இருக்கின்றன. இங்கு விற்கும் உள்ளூர் மஞ்சள் வெங்காயத்தின் பிறப்பிடம் பெரும்பாலும் அதுதான். அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில். அந்த நிலம் கரிம மண் என்பதால் காற்றிலும் சிதைவிலும் ஆண்டுக்காண்டு மெலிந்து வருகிறது. இது கவலைக்குரிய செய்தி.

● எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு: அந்த வயல்களில் வெங்காய ஈயை அடக்க, மலடாக்கப்பட்ட ஈக்களைப் பறக்கவிடுகிறார்கள். காட்டு ஈயோடு அவை இணைந்தால் முட்டை பொரிக்காது. அடையாளம் தெரிய இளஞ்சிவப்புச் சாயம் பூசிவிடுவதால், ‘இளஞ்சிவப்பு ஈ’ என்றே பெயர் பெற்றுவிட்டன.

● வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள்: காய்ந்து இறுகியிருக்க வேண்டும். கழுத்து அமுங்கினால் உள்ளே அழுகல் தொடங்கியிருக்கும். தோலில் கறுப்புப் பொடி இருந்தால் அது பூஞ்சணம்.

● சிவப்பு நிறம்: ஆந்தோசயனின். மஞ்சள் தோல்: குவர்செட்டின். கண்ணீர்: புரோப்பேன்தயால் எஸ்-ஆக்சைடு. அதை உண்டாக்கும் தனி நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் அறிவித்தார்கள்.

● 1970–77இல் இலங்கையின் இறக்குமதிக் கட்டுப்பாடு யாழ்ப்பாண வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை தந்தது. 1977இல் சந்தை திறந்ததும் அந்த விவசாயிகள் அடிவாங்கினார்கள். இங்கே தேர்வில் கேட்கமாட்டார்கள், நாம் மறக்கக்கூடாது.

சேமிப்பு

● குளிர்க்கிடங்கில் 0 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 65–70 விழுக்காடு. காற்றோட்டமான கொட்டகையில் 25–30 டிகிரியிலும் நன்றாகத் தாங்கும். தமிழ்நாட்டு விவசாயிகள் பட்டறை போட்டு வைப்பது இந்த முறை. இடைப்பட்ட 10–20 டிகிரியில்தான் வேகமாக முளைக்கும். தேர்வில் தவறவிடும் புள்ளி இது.

● டோர்வல் வீட்டில் குளிர்காலத்தில் சூடேற்றிய அடுக்களை ஏறக்குறைய 20 டிகிரி. நீண்ட நாள் சேமிப்புக்கு ஏற்றதல்ல. நிலவறையின் உலர்ந்த, குளிர்ந்த மூலை மேல். ஜனவரியில் வாகனக் கொட்டிலில் வைத்தால் உறைந்து, பின் இளகிக் கூழாகும்.

● உருளைக்கிழங்கோடு சேர்க்காதீர்கள். காற்றுப் புகாத பை கூடாது. நறுக்கியதை மூடி, 4 டிகிரிக்குக் கீழே.

● முளைப்பைத் தடுக்கக் கதிர்வீச்சு: கனடாவில் உச்ச அளவு 0.15 கிலோகிரே. இந்தியாவில் இதற்கான ‘கிருஷாக்’ நிலையம் நாசிக் அருகே லாசல்காவில் 2002இல் தொடங்கப்பட்டது.

பயன்பாடு

● சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் சின்ன வெங்காயத்தை முழுதாகப் போடுங்கள். அது கிடைக்காத நாளில் எஷலோத் ஃபிரான்சேஸ் கைகொடுக்கும். பம்பாய் வெங்காயத்தை வெட்டிப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். நிதானமாக வதக்கிப் பொன்னிறமாக்க மஞ்சள் வெங்காயம், பச்சடிக்குச் சிவப்பு. காரம் மிஞ்சினால் நறுக்கியதைக் குளிர்ந்த நீரில் சற்று ஊறவிடுங்கள்.

● 2020இல் அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்பு வெங்காயத்தால் கனடாவில் 515 பேருக்குச் சால்மொனெல்லா தொற்று உறுதியானது. எந்த நிறுவனத்தின் வெங்காயம் என்பதை வைத்தே திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. ஆகவே மூட்டையில் உள்ள நிறுவனப்பெயர், ஊர்ப்பெயர் அட்டையை, கடைசி வெங்காயம் தீரும்வரை எறிந்துவிடாதீர்கள்.