கணக்குப் புத்தகம் எங்கே?



நம்ம திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலே விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். அதுபோல ஐரோப்பாவிலே சத்தியத்தை நாடகமாய்ப் போதித்தார்கள். ஏறக்குறைய 1500-ல் உண்டான 'எவ்ரிமேன்' என்னும் ஆங்கில நாடகம் அதிலொன்று. 'ஒவ்வொரு மனுஷனும்' என்று அர்த்தம்.

தேவன் மரணத்தை அனுப்பி, அவனைக் கணக்குப் புத்தகத்தோடு வரச்சொல்லுகிறார். ஆயிரம் பவுன் தருகிறேன் என்று மரணத்திடமே பேரம் பேசுகிறான். நாளைவரைக்கும் தவணை கேட்கிறான். கிடைக்கவில்லை. சாகும்வரை வருவேன் என்ற சிநேகிதன் நழுவினான். உறவுக்காரனோ, "கால் விரல் இழுத்துக்கிச்சு" என்கிறான். பெட்டியில் கிடக்கும் ஆஸ்தி அசையவில்லை. நற்கிரியைக்கு மட்டும் கூடவர மனதுண்டு; ஆனால் அவன் பாவத்தால் கட்டுண்டு, எழும்பமுடியாமல் தரையில் கிடக்கிறது! அவன் பாவத்தை அறிக்கையிட்டு மனந்திரும்பினபின்பே எழுந்து, கல்லறைக்குள்ளும் கூடப்போகிறது.

ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லுகிறேன். கிரியை நம்மை இரட்சிக்காது, கிருபையே இரட்சிக்கும். ஆனாலும் இரட்சிக்கப்பட்டவனும் தேவனுக்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டும் (ரோமர் 14:12).

கைமாத்தாய் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தாயா? வேலையாளின் கூலி உன் கையிலே நிற்கிறதா? பேசாமலிருக்கிற சகோதரனிடத்தில் போனாயா? நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாதே. இன்றைக்கே கணக்கைச் சரிசெய். ஆமென்.