சின்னப் பிள்ளைதானே என்று காத்திருக்க வேண்டாம்



மாற்றுத்திறன் உள்ள சிறு குழந்தைக்கு அரசு தரும் உதவிகளைக் கேட்டு வாங்குவது எப்படி என்பதே இந்தப் பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.

நம் திண்ணனூர் நாட்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "சின்னப் புள்ளதானே, வளர வளரச் சரியாயிடும்." இன்னொரு பேச்சு: "எழுபது வளைவு இறங்கி நாமக்கல் போனா ஒரு நாள் கூலி போச்சு. காப்பி பறிப்பு முடியட்டும், பார்க்கலாம்." நமக்கு இருக்கும் கஷ்டத்தில் இப்படிச் சொல்வது இயல்புதான். ஆனால் குழந்தையின் வயது நமக்காகக் காத்திருக்காது. பாதம் வளைந்து பிறந்த குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கட்டுப் போடத் தொடங்கினால் பெரும்பாலும் நேராகிவிடும். காது கேளாத குழந்தைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த ஆறு வயதுக்குள் போக வேண்டும். ஏழாவது வயதில் போய் நின்றால் அந்தக் கதவு சாத்தியிருக்கும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

- ஆறு மாதமாகியும் சத்தம் வந்த பக்கம் திரும்பாதது
- ஒன்பது மாதமாகியும் பிடிக்காமல் உட்காராதது
- ஒன்றரை வயதாகியும் நடக்காதது
- இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாதது
- பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை மறந்து போவது

இதில் ஒன்று இருந்தாலும் அங்கன்வாடி பணியாளரிடமோ கிராம செவிலியரிடமோ சொல்லுங்கள். தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் (2013-ல் தொடங்கியது) மருத்துவக் குழு வண்டியில் வந்து அங்கன்வாடிப் பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். எப்போது வருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்குக் குழந்தையைக் காட்டுங்கள். "ஊர்ல நாலு பேர் பார்ப்பாங்களே" என்று குழந்தையை வீட்டுக்குள் வைத்துவிட்டால் கணக்கெடுப்பிலும் அதன் பெயர் வராது.

முதலில் காகிதங்கள்

1. பிறப்புச் சான்று. வீட்டில் பிறந்த குழந்தையாக இருந்தால் பலருக்கு இது இருக்காது. பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் செலவில்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் அதிகாரியின் உத்தரவு வாங்க வேண்டும். அதனால் முதல் வேலையாகக் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள்.
2. ஆதார். கைக்குழந்தைக்கும் எடுக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ் கைரேகை எடுப்பதில்லை. ஐந்து வயதானதும் கைரேகை பதிந்து புதுப்பிக்க வேண்டும்.
3. ரேஷன் கார்டு. குழந்தை பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.
4. குழந்தையின் புகைப்படம், இதுவரை காட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டுகள்.
5. குழந்தை பெயரில், அம்மா காப்பாளராக இருக்கும் வங்கிக் கணக்கு.

எல்லாக் காகிதத்திலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலை இறங்குவதற்கு முன்பே குழுவில் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றும் அடையாள அட்டையும்

எல்லா உதவிக்கும் சாவி ஒன்றுதான்: மருத்துவச் சான்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பார்வை, காது, கை கால், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், தசைச் சிதைவு, அரிவாள் செல் சோகை எல்லாம் அதில் வரும். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும்.

விண்ணப்பம் இணையம் வழியாகப் போட வேண்டும். இதற்கு 'யுடிஐடி' அட்டை என்று பெயர். இ-சேவை மையத்தில் பதிந்து தருவார்கள். பதிந்த பிறகு குழந்தையை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். இங்கேதான் நம் மலை மக்கள் அதிகம் அலைகிறோம். கால் என்றால் எலும்பு மருத்துவர், காது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் என்று தனித்தனி. எந்த மருத்துவர் எந்தக் கிழமை சான்று தருகிறார் என்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டபிறகே பஸ் ஏறுங்கள். முகாம் செம்மேட்டிலேயே நடக்கும் நாள் இருந்தால் அதையும் கேளுங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு மன வளர்ச்சியில் பின்தங்கல் இருந்தால், சான்றில் 'வளர்ச்சித் தாமதம்' என்றுதான் எழுதுவார்கள். ஒரு வயது முடிந்தால் இந்தச் சான்று வாங்கலாம். 'அறிவுசார் குறைபாடு' என்று எழுதுவது ஐந்து வயதுக்குப் பிறகுதான். அதனால் சின்னப் பிள்ளையின் சான்று தற்காலிகமானது. எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்துக் குழுப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். தேதி முடிந்தும் புதுப்பிக்காமல் விட்டால் வந்துகொண்டிருக்கும் உதவியும் நின்றுபோகலாம்.

என்னென்ன கேட்கலாம்?

பராமரிப்பு உதவித்தொகை: அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேலும், கை கால் கடுமையாகப் பாதித்தவர்களுக்கு 75 சதவீதத்துக்கு மேலும் இருந்தால், மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில் விண்ணப்பிக்கலாம். 2023 நிலவரப்படி மாதம் 2,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. இப்போது எவ்வளவு என்பதை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக் கூடாது.

நிராமயா காப்பீடு: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தரும் மத்திய அரசுத் திட்டம். பயிற்சிச் செலவும் இதில் சேரும்.

படிப்பு: ஆறு முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. வட்டார வளமையத்தில் சிறப்புப் பயிற்றுநர், பிசியோதெரபிஸ்ட் இருப்பார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் ஏற்பாடும் உண்டு.

கருவிகள்: சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, மூளை முடக்குவாதப் பிள்ளைக்கான தனி நாற்காலி ஆகியவை இலவசம். பிள்ளை வளர்ந்து நாற்காலி போதாமல் போனால் மறுபடி கேட்கலாம்.

இவற்றுக்கான விண்ணப்பத்துக்கோ சான்றுக்கோ யாருக்கும் லஞ்சம் தர வேண்டியதில்லை. "நான் முடிச்சுத் தர்றேன், ஆயிரம் குடு" என்று யாராவது வந்தால் பணம் தராதீர்கள். வேலை நடக்காமல் இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் நடத்தும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

குழு என்ன செய்யலாம்?

ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் காகிதப் பை, வளைவில் வாந்தி, அலுவலகத்தில் வரிசை. அந்தத் தாய் தனியாகப் போனால் "அடுத்த வாரம் வா" என்ற ஒரு சொல்லுக்குத் திரும்பி வந்துவிடுவார். பிறகு அந்த அடுத்த வாரம் வராமலே போகும். கூட ஒரு ஆள் இருந்தால் ஏன், என்றைக்கு என்று கேட்க முடியும். ஆகவே முறை போட்டுக்கொண்டு உறுப்பினர் ஒருவர் உடன் போகட்டும். பஸ் செலவுக்கு உள்கடன் தர முடியுமா என்று பேசுங்கள். அன்றைக்கு அந்த வீட்டின் மற்ற பிள்ளைகளையும் ஆடு மாட்டையும் யார் பார்ப்பது என்பதையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

கூட்டத்தில் பேச:

1. நம் ஊரில் வெளியே கொண்டு வராமல் இருக்கும் குழந்தை உண்டா? அந்த வீட்டுக்கு யார் போய்ப் பேசுவது?
2. அந்தக் குழந்தைக்கு எந்தக் காகிதம் இல்லை?
3. யார், எந்தத் தேதியில் உடன் போகிறார்?

மூன்றாவது கேள்விக்குப் பெயரும் தேதியும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கூட்டத்தை முடியுங்கள்.