பைலின் ஆயுளைக் கூட்டும் பார்மட்: ராணுவம் தரும் பாடம்

நீங்கள் இன்று டைப் செய்து சேவ் செய்யும் டாகுமெண்ட் இருபது ஆண்டுகள் கழித்தும் திறக்குமா? பைல் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கலாம். ஆனால் அதைத் திறக்கும் சாப்ட்வேர் வழக்கொழிந்து போனால், பைல் இருந்தும் பயனில்லை. இந்தப் பிரச்னையைப் பெரிய அளவில் சந்தித்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. அது கண்டுபிடித்த வழி நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

பி-52 குண்டுவீச்சு விமானம் 1955-ல் பணிக்கு வந்தது. இன்றும் பறக்கிறது. அதைப் பழுது பார்க்கும் கையேடுகளும் அத்தனை ஆண்டுகள் பயன்பட வேண்டும் அல்லவா? கையேடுகளோ மலை போன்ற காகிதங்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்றால், தயாரிப்பு நிறுவனங்கள் ஆளுக்கொரு பார்மட் வைத்திருந்தன. எனவே 1985-ல் கால்ஸ் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. எந்தத் தகவலை எந்தப் பார்மட்டில் தர வேண்டும் என்று அதன் கீழ் விதிகள் வந்தன.

1. எழுத்து: மில்-எம்-28001 (1988). எஸ்ஜிஎம்எல் முறை.
2. இன்ஜினியரிங் வரைபடம்: மில்-டி-28000. ஐஜிஇஎஸ் பார்மட்.
3. ஸ்கேன் செய்த பக்கம்: மில்-ஆர்-28002. பேக்ஸ் மெஷின்களுக்காக உருவான குரூப் 4 சுருக்கமுறை.
4. விளக்கப் படம்: மில்-டி-28003. சிஜிஎம் பார்மட்.

இவற்றை ஒன்றாகத் தொகுத்து அனுப்பும் முறையைச் சொன்னது மில்-எஸ்டிடி-1840.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தால் போதாதா? போதாது. ஸ்கேன் செய்த பக்கம் நம் கண்ணுக்கு எழுத்து. கம்ப்யூட்டருக்கு வெறும் புள்ளிகள். அதில் ஒரு சொல்லைத் தேடவோ திருத்தவோ முடியாது. எஸ்ஜிஎம்எல் முறையில் ஒவ்வொரு பகுதிக்கும் அது என்ன என்று அடையாளம் இடுவார்கள். தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

<எச்சரிக்கை>மின் இணைப்பைத் துண்டிக்கவும்</எச்சரிக்கை>

எழுத்தின் அளவோ நிறமோ இங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். அச்சில் தடித்த எழுத்தாகவும், திரையில் சிவப்புக் கட்டமாகவும் இதே வரியைக் காட்டலாம். கையேட்டில் உள்ள எச்சரிக்கைகளை மட்டும் தனியே எடுக்கலாம். எந்த ஒரு நிறுவனத்தின் சாப்ட்வேரையும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

எஸ்ஜிஎம்எல்லைப் பின்பற்றி வெப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல் உருவானது. எஸ்ஜிஎம்எல்லையே எளிமையாக்கி 1998-ல் எக்ஸ்எம்எல் வந்தது. வேர்ட் 2007 முதல் பயன்படும் டாக்எக்ஸ் பைலுக்குள் இருப்பதும் எக்ஸ்எம்எல்தான். ஒரு டாக்எக்ஸ் பைலைக் காப்பி எடுத்து, காப்பியின் பெயரின் இறுதியில் உள்ள டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே வேர்ட் என்ற போல்டரில் டாகுமெண்ட் என்ற எக்ஸ்எம்எல் பைல் இருக்கும். நீங்கள் டைப் செய்த எழுத்துகள் அதில்தான் உள்ளன.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை:

* தலைப்பை போல்ட் செய்து எழுத்தைப் பெரிதாக்குவதோடு நிறுத்தாமல், ஹெடிங் 1 ஸ்டைலைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் அது தலைப்பு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். பொருளடக்கத்தையும் வேர்டே தயாரித்துத் தரும்.
* முக்கியமான டாகுமெண்ட்டை எளிய டெக்ஸ்ட் பைலாகவும் ஒரு காப்பி வையுங்கள்.
* ஸ்கேன் செய்த பைலின் பெயரில் பொருளையும் ஆண்டையும் எழுதுங்கள். உள்ளே தேட முடியாவிட்டாலும் பெயரைக் கொண்டு தேடலாம்.